கடைமடையைத் தொட்டுப் பார்க்கணும்

தை மாதம், சம்பா அறுவடை நேரம். டெல்டாவில் அந்த மாதம் முழுக்க ராத்திரி பகல் வித்தியாசம் கிடையாது. அறுப்பு மிஷினின் வெளிச்சம் வயலில் ஓடிக்கொண்டே இருக்கும். நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர்கள் கொள்முதல் நிலைய வாசலில் வரிசை கட்டி நிற்கும். நான் அப்போது ஒரு தாலுகா மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். வேலைக்கு வந்து மூன்றாவது வருஷம், கேசுவாலிட்டியில் நைட் டூட்டி. பதினொன்றரை மணிக்கு ஒரு குட்டியானையில் இரண்டு பேரைக் கொண்டுவந்தார்கள். வாய்க்கால் கரையில் திரும்பும்போது டிராக்டர் டிரெய்லரோடு கவிழ்ந்திருந்தது.

ஒருவருக்கு மண்டையில் கிழிசல். முகமெல்லாம் ரத்தம், வலியில் கத்திக்கொண்டிருந்தார். இன்னொருவன் 24 வயசுப் பையன். வெளியே பெரிய காயம் எதுவும் இல்லை. இடது விலாப் பக்கம் ஒரு சிராய்ப்பு மட்டும். "அக்கா, அவர மொதல்ல பாருங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. கொஞ்சம் தண்ணி மட்டும் குடுங்க" என்றான். பி.பி. பார்த்தேன், 110/84. நாடி 124. பயத்தில் படபடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். காலில் அப்பியிருந்த சேற்றைத் துடைக்கும்போது பாதம் சில்லென்று இருந்தது. தைப் பனி, ஈரக் கைலி, வாய்க்கால் தண்ணீர், வேறெப்படி இருக்கும் என்று அதற்கும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். சீட்டில் பி.பி.யையும் நாடியையும் குறித்துவிட்டு மண்டைக் காயத்துக்குத் தையல் போட உதவப் போய்விட்டேன்.

நாற்பது நிமிஷம் கழித்துத் திரும்பி வந்தபோது அவன் அமைதியாகக் கிடந்தான். "இப்பதான் கண்ண மூடுனான் சிஸ்டர், வலி கொறஞ்சிருச்சு போல" என்றார்கள் கூட வந்தவர்கள். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. பி.பி. 70. கீழ் அளவு காதில் விழவே இல்லை. டாக்டர் ஓடி வந்தார், இரண்டு கையிலும் ஊசி குத்தினோம், தஞ்சாவூருக்கு வண்டி ஏற்றினோம். பாதி வழியிலேயே முடிந்துவிட்டது. மண்ணீரல் கிழிந்து வயிறு முழுக்க ரத்தம் நிரம்பியிருந்தது என்று பிறகு தெரிந்தது.

மூன்று வாரம் கழித்து அவனுடைய அப்பா வந்தார். பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மதகு ஷட்டரை ஏற்றுவது, இறக்குவது, கரையைக் காவல் காப்பது என்று முப்பது வருஷம் ஆற்றோரமே வாழ்ந்த மனிதர். கையில் போஸ்ட்மார்ட்டம் சர்டிபிகேட். அதில் சாவுக்குக் காரணம் 'ஷாக் அண்டு ஹெமரேஜ்' என்று எழுதியிருந்தது.

"ஷாக்குன்னு போட்டிருக்காமேம்மா. கரண்ட் கம்பி எதுவும் அங்க அறுந்து கெடந்துச்சா?"

அந்தக் கேள்வி இன்றுவரை என் காதைவிட்டுப் போகவில்லை.

ஷாக் என்றால் நமக்குக் கரண்ட். அதையே தமிழில் 'அதிர்ச்சி' என்று எழுதினால், கெட்ட சேதி கேட்டு மனசு உடைந்துபோவது. ரத்தம் போய்ச் சாவதற்கு இரண்டு சொல்லும் பொருந்தவில்லை. மருத்துவர்களையே இந்தச் சொல் நெடுங்காலம் திசைதிருப்பியிருக்கிறது. அடிபட்ட நரம்புகள் தளர்ந்துபோவதால் வருவது, நசுங்கிய சதையிலிருந்து ஏதோ விஷம் கிளம்புவதால் வருவது என்றெல்லாம் நினைத்தார்கள். 1930 வாக்கில் ஆல்ஃப்ரெட் பிளேலாக் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், அடிபட்ட இடத்தில் கசிந்து தேங்கும் ரத்தமும் நீருமே போதும், உடம்பு அந்த நிலைக்குப் போய்விடும் என்று சோதனை செய்து காட்டினார். மருத்துவத்தில் ஷாக் என்பதற்கு அர்த்தம் இதுதான்: உடம்பின் உறுப்புகளுக்குப் போய்ச் சேரவேண்டிய ரத்தமும் அதில் வரும் ஆக்சிஜனும் போய்ச் சேரவில்லை. காயம்பட்டவர்களில் இதற்குப் பெரும்பாலும் காரணம் ரத்த இழப்பு.

அந்தப் பெரியவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், தெரிந்த வார்த்தைகளில் சொன்னேன். "உள்ள ரத்தம் கசிஞ்சிக்கிட்டே இருந்துச்சுங்க ஐயா. ஒடம்பு என்ன பண்ணும்னா, கை, கால், தோலுக்குப் போற ரத்தத்த நிறுத்திட்டு, மூளைக்கும் இதயத்துக்கும் மட்டும் அனுப்பும். அதனால கொஞ்ச நேரம் பி.பி. சரியா இருக்குற மாதிரி காட்டும்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "தண்ணி கொறச்சலா வர்ற வருசம் நாங்களும் அதத்தாம்மா செய்வோம். கிளை வாய்க்கா ஷட்டரையெல்லாம் எறக்கிருவோம். ஆத்துல மட்டம் சரியாத்தான் காட்டும். தண்ணி கடைசியா வந்து சேர்ற கடைமடையில வயலு வெடிச்சுக் கெடக்கும். அதிகாரி ஜீப்புல வந்து ஆத்து மட்டத்தப் பாத்துட்டு எல்லாம் நல்லாருக்குன்னு எழுதிட்டுப் போயிருவாரு."

நான் ஜீப்பில் வந்த அதிகாரியாக இருந்திருக்கிறேன். அவர் என்னைக் குறை சொல்வதற்காக அதைச் சொல்லவில்லை. ஆனால் எந்த வகுப்பிலும் எனக்கு ஷாக்கை இவ்வளவு சரியாக யாரும் விளக்கியதில்லை.

கை விரல், கால் விரல், தோல், இவைதான் உடம்பின் கடைமடை. ரத்தம் குறைந்தால் முதலில் காய்வது அங்கேதான். பாதம் சில்லிடும், தோல் வெளுக்கும், பிசுபிசுவென்று குளிர்ந்த வேர்வை கசியும். விரல் நகத்தை அழுத்திவிட்டு எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் சிவக்க வேண்டும். மூன்று, நான்கு என்று இழுத்தால் மேலே எங்கோ ஷட்டர் இறங்கியிருக்கிறது. அடுத்தது சிறுநீரகம். மணிக்குக் கிலோவுக்கு அரை மி.லி. வீதம் சிறுநீர் வரவேண்டும். அறுபது கிலோ ஆளுக்கு 30 மி.லி. பையில் ஒன்றும் விழவில்லை என்றால் அங்கேயும் தண்ணீர் எட்டவில்லை.

அந்தப் பையனின் கணக்கை இப்போது போட்டுப் பார்க்கிறேன். எழுபது கிலோ ஆளுக்கு ரத்தம் சுமார் 5 லிட்டர். முக்கால் லிட்டர் போகிறவரை வெளியே அதிகம் தெரியாது. முக்கால் முதல் ஒன்றரை லிட்டர் போனால் நாடி 100-ஐத் தாண்டும், மூச்சு வேகமாகும், நிலைகொள்ளாமை வரும், ஆனால் மேல் பி.பி. அநேகமாக அப்படியே நிற்கும். ஒன்றரை லிட்டருக்கு மேல் போன பிறகுதான் அது இறங்கும். அதாவது பி.பி. விழுவதற்காகக் காத்திருப்பவர், மூன்றில் ஒரு பங்கு ரத்தம் போகட்டும் என்று காத்திருக்கிறார்.

பி.பி.யிலும் சேதி இருக்கிறது, மேல் எண்ணை மட்டும் படித்தால் அது கிடைக்காது. மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் சாதாரணமாக 40 இருக்கும். ரத்தக்குழாய்கள் இறுகும்போது கீழ் எண் ஏறி வித்தியாசம் சுருங்கும். அவனுக்கு 110/84, வித்தியாசம் 26. ஷட்டர் இறங்கியதை அந்த எண்ணே சொல்லியிருக்கிறது. இன்னொரு எளிய கணக்கும் உண்டு, 1967-ல் ஆல்கோவர், புர்ரி என்ற இரண்டு மருத்துவர்கள் எழுதியது: நாடியை மேல் பி.பி.யால் வகுக்க வேண்டும். நல்ல உடம்பில் அரையிலிருந்து 0.7 வரை இருக்கும். ஒன்றை நெருங்கினாலே ஆபத்து. 124-ஐ 110-ஆல் வகுத்தால் ஒன்றுக்கும் மேலே. நாடியே பி.பி.யைத் தாண்டிவிட்டது! சீட்டில் என் கையெழுத்திலேயே இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

தண்ணீர் கேட்டானே, அதுவும் ஒரு அறிகுறி. காயம்பட்டவர் தாகம் தாகம் என்று தவிப்பதும், எழுந்து உட்காரப் பார்ப்பதும், "மூச்சு முட்டுது, காத்து வரட்டும்" என்று கூட இருப்பவர்களைத் தள்ளுவதும், பயந்த சுபாவம் என்று ஒதுக்கக் கூடியவை அல்ல. அப்படிப் புரண்டவர் திடீரென்று சாதுவாகிவிட்டால் அதுதான் எல்லாவற்றிலும் மோசம். கத்துகிறவருக்கு மூளைக்கு ரத்தம் போகிறது. கேசுவாலிட்டியில் நான் இன்றைக்கு முதலில் போவது கத்தாமல் கிடப்பவரிடம்.

ரத்தம் எங்கே போகிறது என்று தேட ஐந்து இடம் உண்டு: தரை, நெஞ்சு, வயிறு, இடுப்புக் கூடு, தொடை. தரையில் கொட்டியதை எல்லோரும் பார்ப்பார்கள். மற்ற நான்கும் மூடிய அறைகள். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரை கடந்த பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் தரைமட்டமாகக் கிடந்தன. சாய்ந்த மரத்தை அறுக்கும்போது துள்ளி எழுந்த துண்டு தொடையில் அடித்து ஒருவர் வந்தார். ஒரு சொட்டு ரத்தம் வெளியே இல்லை. ஆனால் ஒரு தொடை மற்றதைவிட ஒன்றரை மடங்கு பருத்திருந்தது. தொடை எலும்பு முறிந்தால் ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் ரத்தம் அந்தச் சதைக்குள்ளேயே தேங்கிவிடும். இடுப்புக் கூடு உடைந்தால் அதைவிட அதிகம்.

ஹீமோகுளோபின் 13 இருக்கிறது, ரத்தம் போயிருக்காது என்று சொல்பவர்களை இன்னும் பார்க்கிறேன். ஒரு பானை ரசத்தில் பாதியைக் கொட்டிவிட்டு மீதியை ருசி பார்த்தால் உப்பு குறைந்திருக்குமா? தண்ணீர் ஊற்றிய பிறகுதான் சப்பென்று ஆகும். ஆரம்பத்தில் எடுக்கிற ஹீமோகுளோபினும் அப்படித்தான்.

சிலர் உடம்பு இந்தச் சேதிகளை மறைத்துவிடும். பி.பி.க்கு அட்டெனலால் சாப்பிடும் பெரியவர்களுக்கு ரத்தம் போனாலும் நாடி அவ்வளவாக ஏறாது. வழக்கமாக 160 இருக்கும் ஆளுக்கு 115 என்பது நல்ல பி.பி. ஆகாது, இறங்கிய பி.பி. கர்ப்பிணிக்கு ரத்தத்தின் அளவே கூடியிருப்பதால் நிறையப் போகும்வரை தாயின் முகத்தில் ஒன்றும் தெரியாது. குழந்தைக்குப் போகும் ரத்தம் முன்னாலேயே குறைந்துவிடும். இருபது வாரத்துக்கு மேல் என்றால் இடது பக்கம் சாய்த்துப் படுக்கவைக்கணும். சின்னக் குழந்தைகள் கடைசிவரை தாக்குப்பிடித்துவிட்டு ஒரே நிமிஷத்தில் சரிந்துவிடுவார்கள். பத்து கிலோ குழந்தைக்கு மொத்த ரத்தமே 800 மி.லி.தான், அதை மறக்கக் கூடாது.

தென்னை மரத்திலிருந்து விழுந்தவர்கள் தனி ரகம். பி.பி. 80, நாடி 56, கால் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், ஆனால் அசைக்க முடியாது. தண்டுவடம் அடிபட்டு, குழாய்களை இறுக்கும் நரம்பே வேலை செய்யாமல் எல்லா ஷட்டரும் திறந்துகொண்ட நிலை அது. ஆனாலும் அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தவருக்கு வயிற்றிலும் இடுப்பிலும் ரத்தக் கசிவு இல்லை என்று பார்த்த பிறகுதான் தண்டுவடத்தின்மேல் பழியைப் போடலாம். நெஞ்சுக்குள் காற்று அடைத்து இதயத்தை நெருக்கினாலும் இதே மாதிரி பி.பி. விழும். அங்கே டிரிப்ஸ் உதவாது, டாக்டர் அந்த நிமிஷமே ஊசி குத்திக் காற்றை வெளியேற்றணும்.

வைத்தியத்தில் என் காலத்திலேயே பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. நாங்கள் படித்தபோது பி.பி. இறங்கினால் இரண்டு லிட்டர் டிரிப்ஸை மடமடவென்று ஓட விடுவதுதான் பாடம். ஆற்றங்கரை உடைந்தால் ஊரில் என்ன செய்வார்கள்? மூங்கிலையும் மணல் மூட்டையையும் தூக்கிக்கொண்டு உடைப்பை அடைக்க ஓடுவார்கள். கல்லணையில் தண்ணீரைக் கூடுதலாகத் திறந்துவிடச் சொல்ல மாட்டார்கள். உப்புத் தண்ணீரை அளவில்லாமல் ஏற்றினால் ரத்தம் நீர்த்துப்போய் உறையும் சக்தியை இழக்கும், உடம்பு குளிரும், ஏறிய அழுத்தத்தில் ஒட்டியிருந்த ரத்தக்கட்டி பிடுங்கிக்கொள்ளும். 1994-ல் ஹூஸ்டன் நகரத்தில் உடலில் கத்திக்குத்து, குண்டுக் காயத்தோடு வந்தவர்களை வைத்துச் செய்த ஆய்வில், அறுவை அரங்குக்குப் போகும்வரை டிரிப்ஸை நிறுத்திவைத்தவர்கள் கூடுதலாகப் பிழைத்தார்கள். இன்றைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, மேல் பி.பி.யை 80, 90-ல் தாங்கிப் பிடித்து, ரத்தத்துக்கும் அறுவைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நோக்கம். தலைக்காயம் சேர்ந்திருந்தால் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. மூளைக்கு அழுத்தம் வேண்டும், 110 வாக்கிலாவது நிற்கணும்.

ஊசி போடும்போதும் மனசு வேண்டும். டிரிப்ஸ் ஏற்றும் ஊசிக்குழாய்களில் மெல்லியதான பிங்க் நிற வென்ஃப்ளான் சுலபமாக ஏறும் என்பதற்காக அதை எடுக்கிற கையை நான் தட்டிவிட்டிருக்கிறேன். தடிமனான கிரே அல்லது ஆரஞ்சு, முழங்கை மடிப்பில், இரண்டு பக்கமும். வாய்க்கால் எவ்வளவு அகலமோ அவ்வளவு வேகம். ரத்தக்குழாய் சுருங்கிப்போவதற்குள் குத்திவிடணும்.

அப்புறம் டிரானெக்சாமிக் ஆசிட். மாதவிடாயில் அதிக ரத்தப்போக்குக்குக் கொடுக்கிற அதே மருந்து. 1962-ல் ஜப்பானில் ஒகமோட்டோ தம்பதி கண்டுபிடித்தது. 2010-ல் 40 நாடுகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட காயம்பட்டவர்களை வைத்து நடந்த 'கிராஷ்-2' ஆய்வில், ரத்தம் கசிந்து சாகிறவர்களின் எண்ணிக்கையை இது குறைப்பது உறுதியானது. ஒரு கிராமைப் பத்து நிமிஷத்தில், பிறகு இன்னொரு கிராமை எட்டு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். ஆனால் அடிபட்டு மூன்று மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கணும். அதற்கு மேல் போனால் நன்மைக்குப் பதில் தீமை செய்கிறது. அதனால்தான் அடிபட்ட மணி எத்தனை என்று கொண்டுவந்தவர்களை விடாமல் கேட்கிறோம்.

குளிர் இன்னொரு எதிரி. இது பலருக்கு நம்ப முடியாது. சித்திரை வெயிலில் கூட ரத்தம் போன உடம்பு குளிர்ந்துபோகும். குளிர்ந்த ரத்தம் உறையாது. நடவு வயலிலிருந்து வருபவர் ஈரத்தோடு வருவார். ஈரத் துணியைக் கத்தரித்து எடுத்துவிட்டுப் போர்வை போர்த்தி மின்விசிறியை நிறுத்துவேன். "வேர்க்குதே சிஸ்டர், ஃபேன போடுங்க" என்று சொந்தக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

இதைப் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் நர்ஸ் இல்லை. ரோட்டில் முதலில் ஓடி வருவது நீங்கள்தான். ரத்தம் பீய்ச்சும் இடத்தைத் துண்டால் அழுத்திப் பிடியுங்கள், எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். கை, காலில் அழுத்தியும் நிற்கவில்லை என்றால் காயத்துக்கு நான்கு விரல் மேலே, மூட்டின் மேல் படாமல், அகலமான துணியால் கட்டி, ஒரு குச்சியைச் செருகி ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்டோவில் மடக்கி உட்காரவைக்காதீர்கள், படுக்கவையுங்கள். தண்ணீரோ சோடாவோ கொடுக்காதீர்கள். தாகத்தில் தவிப்பவருக்குத் தண்ணீர் மறுப்பது நம் ஊரில் பாவம் மாதிரி தெரியும், எனக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் அந்தத் தண்ணீர் மயக்கத்தில் நுரையீரலுக்குள் போகும். உதட்டை நனைத்துவிடலாம். 108 தமிழ்நாட்டுக்கு 2008-லேயே வந்துவிட்டது, கூப்பிடுங்கள். கேஸில் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் வேண்டாம். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உதவி செய்தவரைப் பாதுகாக்கிறது. பணத்தை நினைத்தும் தயங்க வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

ஒரு ஆவணி மாதம், வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் பக்தர்களால் ரோடு நிறைந்திருந்த நேரம். பேரனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்த பாட்டியம்மா ஒருவரைக் கொண்டுவந்தார்கள். கார் இடித்திருந்தது. பி.பி. 118/90, நாடி 76. கூட இருந்த பயிற்சி நர்ஸ் "வைட்டல்ஸ் ஓகே சிஸ்டர்" என்றாள். நான் அவளுடைய கையைப் பிடித்துப் பாட்டியின் பாதத்தில் வைத்தேன். ஐஸ். இடுப்பு முடிச்சில் இருந்த சுருக்குப்பையைத் திறந்தோம். வெற்றிலை, சில்லறை, கூடவே பாதி தீர்ந்த அட்டெனலால் அட்டை.

டாக்டர் இடுப்பைத் தொட்டதும் பாட்டி முனகினார். பேரனின் வேட்டியை வாங்கி நான்காக மடித்துக் கட்டினோம். வேட்டி கட்டும் இடுப்பில் கட்டினால் பயன் இல்லை. அதற்குக் கீழே, தொடையின் பக்கவாட்டில் கைக்குத் தட்டுப்படும் எலும்பு மேட்டின்மேல் இறுக்கிக் கட்டணும், இரண்டு முழங்காலையும் சேர்த்துக் கட்டணும். டிரானெக்சாமிக் ஓடியது, போர்வை போர்த்தினோம், ரத்தம் தயாராக இருக்கட்டும் என்று தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்குப் போன் செய்துவிட்டே வண்டியை அனுப்பினோம். வந்ததிலிருந்து கிளம்பியதுவரை இருபத்தைந்து நிமிஷம். வண்டி போன பிறகுதான் பேரன் வெறும் டவுசரோடு நிற்பதைப் பார்த்து அந்தப் பயிற்சி நர்ஸ் ஒரு வார்டு துண்டைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

தை பிறந்து சில நாளில் பாட்டி வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தார், மாத்திரை வாங்க. பெஞ்சில் உட்காரவைத்தேன். குனிந்து பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். பாட்டி பதறிக் காலை இழுத்துக்கொண்டார். "என்னம்மா இது, நீ போய் எங்காலத் தொட்டுக்கிட்டு" என்றவர், சரி ஆசீர்வாதம் வாங்கத்தான் குனிந்தேன் என்று நினைத்தாரோ என்னவோ, என் தலையில் கை வைத்து "மவராசியா இரு" என்றார்.

கை நல்ல சூடு.